குரோகாவா ஓன்சென்: நட்டு வளர்த்த காட்டுக்குள் ஒரு விடுதி

ஜப்பானின் கியூஷூ தீவில், அசோ எரிமலைக்கு வடக்கே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், ஒரு சிற்றாற்றின் இரு கரைகளிலும் அமைந்திருக்கிறது குரோகாவா என்னும் வெந்நீரூற்று (ஓன்சென்) ஊர். குமாமோத்தோ மாகாணத்தின் மினாமி ஓகுனியைச் சேர்ந்த இவ்வூரில் ரியோகான் எனப்படும் மரபுவழி விடுதிகள் ஏறத்தாழ 30 உள்ளன. ‘ஊர் முழுவதும் ஒரே விடுதி, தெருக்கள் அதன் தாழ்வாரங்கள், ஒவ்வொரு ரியோகானும் அதன் ஓர் அறை’ என்பது இங்குள்ள விடுதிக்காரர்கள் தமக்கென வகுத்துக்கொண்ட கொள்கை. ஆகவே நானும் என் தங்கையும் தங்கிய விடுதியின் பெயரைச் சொல்லாமல், ஊரையே ஒரு விடுதியாகக் கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறைகளில் பெரும்பாலானவை ஊருக்குப் பொதுவானவை. குறைகளில் சில நாங்கள் தங்கிய இடத்துக்கு மட்டும் உரியனவாக இருக்கலாம்.

இயற்கையின் நடுவே தங்கும் விடுதி என்று விளம்பரம் செய்யும் இடங்கள் உலகெங்கும் உண்டு. குரோகாவாவின் தனித்தன்மை, அந்த இயற்கையில் பெரும்பகுதி மனிதர்கள் திட்டமிட்டு நட்டது என்பதே. 1964இல் யமனாமி நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது பயணிகள் திரண்டு வந்தார்கள். அந்த அலை ஓய்ந்ததும் விடுதிகள் வெறிச்சோடின. அக்காலத்தில் ஷின்மெய்கான் என்ற விடுதியை நடத்திய கோட்டோ தெட்சுயா, உளியும் சுத்தியலும் கொண்டு மலைப்பாறையைத் தம் கையாலேயே குடைந்து ஒரு குகைக் குளியலிடத்தை உருவாக்கினார். அலங்காரச் செடிகளை விட்டுவிட்டு, அண்டை மலைகளில் தாமாக வளரும் சாதாரண மரங்களைக் கொண்டுவந்து முற்றத்தில் நட்டார். அவர் விடுதியில் மட்டும் கூட்டம் குறையாததைக் கண்ட மற்றவர்கள் அவரிடமே கற்றுக்கொண்டு, திறந்தவெளிக் குளங்களை வெட்டி மரங்களை நடத் தொடங்கினார்கள். சாலையோரம் ஆளுக்கொன்றாக நிறுத்தியிருந்த சுமார் 200 விளம்பரப் பலகைகளையும் 1980களின் இறுதியில் ஒன்றுகூடி அகற்றினார்கள். கரிய மரச் சுவர்களும் மண்நிறப் பூச்சும் அவற்றை மூடி நிற்கும் மரங்களுமாக இன்று நாம் காண்பது அந்த உழைப்பின் விளைவு. இதைச் செயற்கை என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று கடைசி வரை எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

விடுதிக்குள் நுழையும்போதே காலணிகளைக் கழற்றிவிட வேண்டும். மரத் தரையில் உள்செருப்புடன் நடக்கலாம். அறையின் தத்தாமிப் பாயில் அதையும் கழற்றிவிட்டு, வெறுங்காலோடோ காலுறையோடோதான் கால் வைக்க வேண்டும். கோரை போன்ற இகுசாப் புல்லால் அந்தப் பாய்களின் மேற்பரப்பு நெய்யப்படுகிறது. ஜப்பானில் விளையும் இகுசாவில் பெரும்பங்கு இதே குமாமோத்தோ மாகாணத்தில் விளைவது என்பதால், அறையை நிறைத்திருந்த அந்தப் புல்வாசம் ஒரு வகையில் உள்ளூர் வாசம்தான். அறையில் கட்டில் இல்லை. தாழ்வான மேசை, தரையில் அமரும் இருக்கைகள், ஒரு மாடத்தில் தொங்கும் எழுத்தோவியம், அதன் கீழே ஒற்றைக் கிளை செருகிய குடுவை, அவ்வளவே. இரவு உணவுக்குச் சென்று திரும்புவதற்குள் பணிப்பெண் மேசையை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மெத்தை, விரிப்பு, போர்வை ஆகியவற்றை ஒரு சுருக்கமும் இல்லாமல் விரித்து வைத்திருந்தார். உடுத்திக்கொள்ள யுகாத்தா என்னும் பருத்தி அங்கியைத் தருகிறார்கள். அதை இடப்பக்கம் வலப்பக்கத்தின் மேல் வருமாறு கட்ட வேண்டும். மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை. தங்கை அங்கியைச் சுற்றிக்கொண்டிருந்தபோது பணிப்பெண் விரைந்து வந்து சிரித்தபடியே அதைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

குளியலே இந்தத் தங்கலின் உயிர்நாடி என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். முதலில் உட்புறக் கழுவுமிடத்தில் தாழ்வான முக்காலியில் அமர்ந்து, சோப்பு நுரை துளியும் எஞ்சாதபடி உடலைக் கழுவிய பிறகே குளத்தில் இறங்கலாம். நீச்சலுடை உட்பட எந்த உடைக்கும் அனுமதியில்லை. கையில் தரும் சிறு துண்டும் நீரில் படக்கூடாது. அதனால் எல்லோரும் அதை மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் விடுதியின் திறந்தவெளிக் குளம் ஆற்றை ஒட்டியிருந்தது. மரக்குழாயிலிருந்து நீர் விழும் இடத்தில் பாறை மீது மஞ்சள் கலந்த வெண்மையான உப்புப் படலம் விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. நீரில் சுமார் 42 டிகிரி வெப்பம் இருக்கும். முதல் நிமிடம் தாங்க முடியாது, அதன் பிறகு எழுந்து வர மனம் வராது. வெள்ளி நகைகளைக் கழற்றி அறையிலேயே வைத்துவிடுங்கள், கந்தகம் கலந்த நீரில் அவை கறுத்துவிடும்.

பிறர் முன் உடையின்றிக் குளிப்பது நம்மவர்களில் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, எளிதில் ஏற்க முடியாத ஒன்று. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளங்கள் இருந்தாலும் ஒரே பாலினத்தவர் நடுவிலும் கூச்சம் இருக்கத்தான் செய்யும். அத்தகையவர்களுக்காகப் பல விடுதிகள் உள்ளிருந்து தாழிட்டுக்கொள்ளக்கூடிய குடும்பக் குளியலறைகளை வைத்திருக்கின்றன. நாங்களும் முதலில் அதில்தான் தொடங்கினோம். சில இடங்களில் இருபாலருக்கும் பொதுவான குளங்களும் உண்டு; வேறு சில விடுதிகள் ஆண்கள், பெண்கள் குளங்களை நேரத்தைப் பொறுத்து மாற்றிவிடும். ஆகவே உள்ளே ஆண்களா பெண்களா என்பதைக் காட்டும் வாசல் திரைச்சீலையை ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டு நுழைவதே நல்லது.

ஊரின் மற்றக் குளங்களுக்கும் சென்றுவர, வட்டமான ஒரு மரவில்லையை நுழைவுச்சீட்டாக விற்கிறார்கள். இரண்டு விடுதிகளுக்குத் திறந்தவெளிக் குளம் அமைக்க இடமில்லாததால், அவற்றின் விருந்தினர்கள் ஏமாந்துபோகாமல் இருக்க எல்லா விடுதிகளும் தத்தம் குளங்களைப் பகிர்ந்துகொள்ள இசைந்து, 1986இல் தொடங்கிய ஏற்பாடு இது. ஓகுனிப் பகுதியின் சீடார் மரத்தைக் குறுக்காக அறுத்துச் செய்த அந்த வில்லையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று குளங்களில் குளிக்கலாம். விடுதிக்கு விடுதி நீரின் நிறமும் மணமும் மாறுவதால் மூன்றும் மூன்று அனுபவங்கள். தொழிற்போட்டியில் இருக்கும் முப்பது பேர் தங்கள் சிறந்த சொத்தைப் பொதுவாக்கியது எனக்கு இந்த ஊரின் இயற்கையழகைவிடப் பெரிய வியப்பாகத் தோன்றியது.

உணவைப் பற்றி அவ்வளவு மகிழ்ச்சியாக எழுத முடியவில்லை. சமையலில் குறையில்லை. இரவில் சிறு சிறு கிண்ணங்களாக வரும் காய்செக்கி விருந்தில் உப்பிட்டுச் சுட்ட ஓடை மீன், மலைக்கீரைகள், அசோ பகுதியின் செம்பழுப்பு நிற மாடுகளின் இறைச்சி, குமாமோத்தோவின் பெயர்பெற்ற, சமைக்காத குதிரை இறைச்சி ஆகியவை இடம்பெறும். மீன் மட்டும் போதும் என்று முன்பே சொல்லியிருந்த எனக்குச் சிக்கல் எழவில்லை. என் தங்கை முழுச் சைவம். முன்பதிவின்போதே அதைத் தெளிவாக எழுதியிருந்தும், முதலில் வந்த முட்டைக் கூழும் சூப்பும் உலர்ந்த மீன் சீவலில் இறக்கிய தாஷிச் சாற்றில் செய்தவையாக இருந்தன. கேட்டதும் பணிப்பெண் பதறிப்போய் அவற்றை எடுத்துச் சென்றார். ஆனால் மாற்றாகச் சமையலறையிலிருந்து வந்தவை தோஃபுவும் கீரைப் பஜ்ஜியும் சோறும் ஊறுகாயும் மட்டுமே. இறைச்சி இல்லை என்றாலே சைவம் என்று கருதும் வழக்கம் ஜப்பானில் பரவலாக இருப்பதால், ‘மீன் சாறும் கூடாது’ என்பதை ஜப்பானிய எழுத்திலேயே தனியாகக் குறிப்பிட்டு, ‘முடியும்’ என்ற விடை வந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

இன்னும் சில குறைகள் உண்டு. மெல்லிய சுவர் வழியே அடுத்த அறையின் இருமல்கூடக் கேட்டது. தரையில் அமர்ந்து எழ முடியாத முதியவர்கள் கட்டில் உள்ள அறையைக் கேட்டுப் பெறாவிட்டால் சிரமப்படுவார்கள். பிற்பகல் 3 மணிக்கு மேல்தான் அறை கிடைக்கும். மறுநாள் காலை 10 மணிக்கெல்லாம் காலி செய்ய வேண்டும். இரவு உணவு 6 அல்லது 6.30 மணிக்கு. தாமதமாக வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் சோறு கிடையாது, வெளியிலும் அந்த நேரத்தில் திறந்திருக்கும் கடைகள் மிகக் குறைவு. இந்த ஒழுங்குக்கு உட்பட விரும்பாதவர்கள் நகரத்து ஓட்டலில் தங்கிவிட்டு, பகலில் மரவில்லை வாங்கிக் குளித்துவிட்டுத் திரும்புவதே மேல்.

கட்டணம் அறைக்கு அன்று, ஆளுக்கு. இரு வேளை உணவும் சேர்த்து ஒருவருக்கு ஓர் இரவுக்கு 20,000 யென்னுக்கு மேல் ஆயிற்று. அதற்கு மேல் வெந்நீரூற்று வரி சிறு தொகையாகச் சேரும். அன்பளிப்பு கொடுக்கும் வழக்கம் இல்லை. இந்தத் தொகையை அறைக்கான வாடகையாக மட்டும் பார்த்தால் அநியாயம் என்றே தோன்றும். விருந்து, குளியல், தோட்டம், பணிவிடை எல்லாவற்றுக்குமாகப் பார்த்தால், ஒரு முறை தாராளமாகக் கொடுக்கலாம் என்பது என் கணிப்பு. சைவர்களுக்கு அந்த விலையில் பாதி வீண் என்பதையும் சொல்லியாக வேண்டும்; அவர்கள் காலைச் சிற்றுண்டி மட்டும் உள்ள திட்டத்தையோ உணவில்லாத திட்டத்தையோ தேடிப் பதிவு செய்யலாம்.

குரோகாவாவுக்கு ரயில் நிலையம் இல்லை. ஃபுகுவோகாவின் ஹகாத்தாவிலிருந்து பேருந்தில் சுமார் 3 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடுவதால் இருக்கையை முன்பதிவு செய்துவிட வேண்டும். குளிர்காலத்தில் ஆற்றின் மேல் மூங்கில் விளக்குகளை ஏற்றுகிறார்கள். பெருகிப்போன மூங்கில் புதர்களை வெட்டிச் சீராக்கும் வேலையோடு இணைத்து 2012இல் தொடங்கிய வழக்கம் அது. அந்த மாதங்களில் அறைகள் விரைவில் நிரம்பிவிடும். சாலையில் பனி உறையும் என்பதால் வாடகைக் காரில் வருவோர் அதற்குரிய டயர்கள் உள்ள வண்டியையே கேட்டு வாங்க வேண்டும். ஊருக்குள் படிகளும் செங்குத்தான சரிவுகளும் அதிகம். பெரிய பெட்டிகளை ஹகாத்தா நிலையத்தின் லாக்கரிலேயே விட்டுவிட்டு, ஓர் இரவுக்கு வேண்டியதை மட்டும் முதுகுப்பையில் எடுத்துச் செல்லுங்கள்.