ஜன்னலா, ஏர் பியூரிஃபையரா, படுக்கையா? மூச்சுத்திணறல் உள்ள வீட்டில் எதை முதலில் கவனிப்பது

ஆஸ்துமா, சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய்), ஒவ்வாமையால் வரும் இழுப்பு என்று ஏதாவது ஒன்று வீட்டில் ஒருவருக்கு இருந்தால் போதும், யோசனைகள் நாலா பக்கமும் வந்து விழும். ஜன்னலைத் திறந்து வை, நல்ல காற்று வரட்டும் என்பார் ஒருவர். திறக்கவே திறக்காதே, வெளியே ஒரே புகை என்பார் இன்னொருவர். ஏர் பியூரிஃபையர் வாங்கு, மெத்தையை மாற்று, மாஸ்க் போடு, செடி வை. இவற்றில் பலவும் உண்மைதான். யாருக்கு, எப்போது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஒருவரை நிம்மதியாகத் தூங்க வைத்த ஏற்பாடு இன்னொருவரை நடு ராத்திரியில் எழுந்து உட்கார வைத்துவிடும்.

ஒப்பிடத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரப்போகும் எதுவும் இன்ஹேலருக்குப் போட்டி கிடையாது. மூச்சுக்குழாயை உடனே விரித்துவிடும் நிவாரண இன்ஹேலரை மட்டும் தனியாக நம்பி ஆஸ்துமாவைச் சமாளிப்பதை, உலக அளவில் ஆஸ்துமா வழிகாட்டுதல்களை வெளியிடும் ஜினா அமைப்பு 2019 முதல் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலரும் ஏதோ ஒரு வடிவில் சேர்ந்தே ஆக வேண்டும் என்பது அவர்கள் நிலைப்பாடு. காற்றைச் சுத்தப்படுத்திவிட்டோம், இனி தினசரி மருந்து எதற்கு என்று நிறுத்துவது ஆபத்தான கணக்கு. சரி, மருந்து ஒழுங்காகப் போகிறது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம்.

துகளின் அளவைப் பாருங்கள்

எந்தச் சாதனம் நல்லது என்ற கேள்வியை விட, உங்களை இழுக்க வைப்பது எது, அது காற்றில் எவ்வளவு நேரம் மிதக்கிறது என்ற கேள்வி முக்கியம். இதற்கு விடை தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

வீட்டுத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய தூசிப்பூச்சியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வாமையைக் கிளப்பும் புரதம் பெரும்பாலும் அதன் எச்சத்தில் இருக்கிறது. அந்த எச்சத் துகள் 10 மைக்ரானுக்கும் மேல் பெரியது, கனமானது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). படுக்கையை உதறும்போது எழும்பி, அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடும். பூனையின் புரதம் இதற்கு நேர்மாறு. அதில் ஒரு பகுதி மிக நுண்ணிய துகள்களில் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் மிதக்கும். பூனையை வேறு வீட்டுக்கு அனுப்பிய பிறகும் பல மாதங்கள் வீட்டில் தங்கியிருக்கும். புகையில் உள்ள துகள்கள் இன்னும் சிறியவை. பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் கீழ். மகரந்தம் பெரியது, அதிகமும் வெளியிலிருந்து வருவது. கேஸ் அடுப்பிலிருந்து வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடும், பெயின்டிலிருந்தும் வாசனை ஸ்பிரேயிலிருந்தும் வரும் ஆவிகளும் துகளே அல்ல, வாயுக்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொரு வழியும் எங்கே ஜெயிக்கும், எங்கே தோற்கும் என்பது தானாகவே தெரியும்.

ஏர் பியூரிஃபையர்

நல்ல பியூரிஃபையரில் இருப்பது ஹெப்பா ஃபில்டர். 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க அளவுகோல். 0.3 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. அதைவிடப் பெரியவை இழைகளில் நேராக மோதி மாட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை தாறுமாறாக அலைந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில், பிடிக்கக் கடினமான அளவு அதுதான். ஆகவே புகைக்கும் பூனைப் புரதத்துக்கும் இது பொருத்தமான கருவி.

ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் 99.97-ஐ மட்டும் பார்த்து வாங்கிவிடக் கூடாது. அறையில் உள்ள காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போனால்தானே பயன்? அதற்கான எண் சி.ஏ.டி.ஆர்., அதாவது ஒரு நிமிடத்தில் எவ்வளவு சுத்தமான காற்று வெளியே வருகிறது என்பது. எட்டு அடி உயரக் கூரை உள்ள அறைக்கு, சதுர அடிக் கணக்கில் தரைப்பரப்பின் மூன்றில் இரண்டு பங்காவது கன அடிக் கணக்கில் சி.ஏ.டி.ஆர். இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. 150 சதுர அடி படுக்கையறைக்குக் குறைந்தது 100. வெளியே காட்டுத்தீப் புகை மாதிரி அடர்த்தியான புகை இருந்தால் 150 வேண்டும்.

அப்புறம் ஒரு நடைமுறைச் சிக்கல். அந்த எண் அதிகபட்ச வேகத்தில் அளந்தது. ராத்திரி அந்த வேகத்தில் ஓடவிட்டால் சத்தத்தில் தூக்கம் வராது, எல்லோரும் குறைத்துவிடுவார்கள். வேகம் குறைந்தால் சுத்தமாகும் காற்றும் குறையும். அதனால் அறைக்குச் சரியாகப் பொருந்துவதை விட ஒரு அளவு பெரியதாக வாங்கி நடுத்தர வேகத்தில் ஓடவிடுவது மேல். பெரிய வீடு முழுவதற்கும் ஒரு சின்ன மெஷினைக் கூடத்தில் வைப்பதும் எனக்கு வீணாகவே படுகிறது. தினம் ஏழெட்டு மணி நேரம் கதவை மூடிக்கொண்டு மூச்சு விடுவது படுக்கையறையில்தான். மெஷின் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

பட்ஜெட் இடிக்கிறது என்றால் இன்னொரு வழி உண்டு. 2020-இல் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசன்தால் என்ற இருவர் பேரால் பிரபலமான பெட்டி அது: சதுர வடிவ மின்விசிறி ஒன்றைச் சுற்றி மெர்வ் 13 தர ஃபில்டர்களை (மெர்வ் என்பது காற்று ஃபில்டர்களின் தர அளவு) டேப் போட்டு ஒட்டுவது. பார்க்க அழகாக இருக்காது, சத்தமும் உண்டு, ஆனால் துகள்களை அகற்றுவதில் விலையுயர்ந்த மெஷின்களோடு நிற்கக்கூடியது.

பியூரிஃபையர் தோற்கும் இடங்கள் இரண்டு. ஹெப்பா வாயுவைப் பிடிக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும். பல மெஷின்களில் இருப்பது மெல்லிய கரி விரிப்பு, சீக்கிரமே நிறைந்துவிடும். இரண்டாவது, தூசிப்பூச்சி. எச்சம் காற்றில் இல்லை, உங்கள் தலையணையில் இருக்கிறது. முகத்தை அதிலேயே புதைத்துக்கொண்டு படுக்கும்போது, நாலடி தள்ளி ஓடும் மெஷின் என்ன செய்ய முடியும்?

ஜன்னலைத் திறப்பது

ஈரத்தையும் வாயுவையும் வெளியேற்ற இதற்கு ஈடு வேறில்லை. வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறத்தாழ 420 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 420 பங்கு இருக்கும். இரண்டு பேர் கதவையும் ஜன்னலையும் மூடிக்கொண்டு தூங்கும் அறையில் அது ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்த அளவில் அது இழுப்பைக் கொண்டுவராது. ஆனால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போகவில்லை என்பதைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் காற்றோடு சேர்ந்து மூச்சின் ஈரமும், சமையல் வாயுவும், துப்புரவு திரவத்தின் நெடியும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பல ஏ.சி.க்கள் இதற்கு உதவாது. அவை பெரும்பாலும் அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விப்பவை. சமைக்கும்போது புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிடுவது, எந்தப் பியூரிஃபையரை விடவும் சமையலறைக்குப் பொருத்தம்.

ஆனால் ஜன்னல் நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் பார்க்காது. 2016 நவம்பர் 21 அன்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்ததை நினைத்தால் இன்றும் பகீர் என்கிறது. புல் மகரந்தம் நிறைந்திருந்த காற்றில் இடிமழை புகுந்தது. மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகளாகச் சிதறியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இரவில் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு ஓடினார்கள். பத்துப் பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று யாரும் சொன்னதே இல்லை. மகரந்த ஒவ்வாமை உள்ளவர்கள், மகரந்தக் காலத்தில் இடிமழை வருகிறது என்றால் ஜன்னலை அடைத்துவிட்டு உள்ளே இருப்பதுதான் சரி.

வெளிக்காற்றின் நுண்துகள் அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதல்படி, பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்களின் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும். வெளியே அதைவிடப் பல மடங்கு இருக்கும் நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டு உள்ளே பியூரிஃபையர் ஓட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான்.

படுக்கையும் ஈரமும்

கண்ணைக் கவரும் மெஷின் எதுவும் இல்லாததாலோ என்னவோ, இந்த வழியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. எனக்கு இதன் மேல்தான் அதிக நம்பிக்கை.

ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும் நேரத்தில், ஆரோக்கியமான ஒருவர் தலையணையை இரண்டு தட்டு தட்டினால், அந்த வெளிச்சக் கீற்றில் எழும்பும் தூசியைப் பாருங்கள். உதிர்ந்த தோல் செதிலும் துணி இழையும் அதில் கலந்திருக்கும். அந்தச் செதில்தான் தூசிப்பூச்சிக்குச் சாப்பாடு. அது தண்ணீர் குடிப்பதில்லை. தேவையான ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சிக்கொள்கிறது. அதனால்தான் அறையின் ஈரப்பதம் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் பெருக முடிவதில்லை. சுவரில் பூசணம் பிடிக்காமல் இருக்கவும் இதே கணக்கு உதவும். ஈரம் அதிகமுள்ள இடங்களில், காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் இதனால்தான் பியூரிஃபையரை முந்துகிறது. தண்ணீர் கசிந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் காயவைத்துவிட வேண்டும். கசிவை அடைக்காமல் பூசணத்தை மட்டும் துடைத்தால் திரும்பி வரும்.

விரிப்பையும் உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் துவைத்தால் பூச்சி செத்துவிடும். பூச்சி புகாத மெத்தை உறைகளைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2003-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த ஆய்வில், உறை மட்டும் போட்டதால் ஆஸ்துமாவில் பலன் தெரியவில்லை. 2017-இல் வெளியான இன்னொரு ஆய்வில், தூசிப்பூச்சி ஒவ்வாமை உள்ள குழந்தைகள் கடும் இழுப்போடு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை குறைந்தது. அமெரிக்காவில் 937 குழந்தைகளோடு நடந்து 2004-இல் வெளியான ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அங்கே ஒவ்வொரு குழந்தைக்கும் எது ஒவ்வாமை என்று பரிசோதித்து, அதற்கேற்ப வீட்டில் பலவற்றைச் சேர்த்து மாற்றினார்கள். இழுப்பு வரும் நாட்கள் குறைந்தன. ஒற்றை வழியில் பலன் தெரியாத இடத்தில், ஆளுக்கு ஏற்ற கூட்டு வழி வேலை செய்திருக்கிறது.

மூலத்தையே அடைப்பதற்கு பார்சிலோனாவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 1980-களில் அந்த நகரத்தில் திடீர் திடீரென்று ஒரே நாளில் ஏராளமானோர் ஆஸ்துமாவோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். துறைமுகத்தில் சோயா மொச்சை இறக்கிய நாட்களோடு அது பொருந்தியது. சேமிப்புக் கிடங்கில் ஃபில்டர் இல்லாததால் மொச்சைத் தூசி நகரம் முழுக்கப் பரவியிருந்தது. அங்கே ஃபில்டர் பொருத்தியதும் அந்த அலைகள் நின்றன. நகரத்தில் உள்ள ஒவ்வொருவரும் ஜன்னலை அடைத்திருந்தாலும் இந்தப் பலன் கிடைத்திருக்காது. வீட்டுக்குள்ளே புகைபிடிப்பதை நிறுத்துவதும் இதே வகைதான். அதற்கு ஈடாக எந்த மெஷினையும் சொல்ல முடியாது.

மற்றவை

செடிகள்: காற்றைச் சுத்தம் செய்யும் என்று நம்பி வாங்க வேண்டாம். நிஜமான அறையில் குறிப்பிடும்படி மாற்றம் வர, சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும் என்று 2019-இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு கணக்கிட்டது.

ஓசோன் வெளிவிடும் மெஷின்: தயவுசெய்து வேண்டாம். ஓசோனே மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு. காற்றில் மின்னூட்டம் ஏற்றித் துகளைப் படியவைக்கும் சில அயனைசர்களும் கொஞ்சம் ஓசோனை வெளிவிடும். வாங்கும் முன் கேளுங்கள்.

மாஸ்க்: வெளியே போகும்போது புகைக்கும் தூசிக்கும் என்95 நன்றாகவே வேலை செய்யும், முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால். வாயுவுக்கு உதவாது. சி.ஓ.பி.டி. முற்றிய நிலையில் இருப்பவர்களுக்கு அதன் வழியாக மூச்சு இழுப்பதே சிரமமாகலாம், அவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுவது நல்லது.

யாருக்கு எது

காலையில் எழுந்ததும் தும்மல், மூக்கடைப்பு, இழுப்பு என்றால் சந்தேகம் முதலில் தூசிப்பூச்சி மேல் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையோ தோல் பரிசோதனையோ செய்து உறுதிப்படுத்திவிட்டு, பணத்தையும் உழைப்பையும் படுக்கையிலும் ஈரத்தைக் குறைப்பதிலும் போடுங்கள். புகை, வாகன நெரிசல், விட்டுக்கொடுக்க மனம் வராத பூனை என்றால் படுக்கையறைக்கு ஹெப்பா. சமைக்கும்போதும் துடைக்கும்போதும் நெஞ்சு அடைத்தால் எக்ஸாஸ்ட் ஃபேனும் திறந்த ஜன்னலும், கூடவே ஸ்பிரேக்குப் பதில் ஈரத் துணி. இரண்டு மூன்று காரணம் சேர்ந்திருந்தால் முதலில் படுக்கை, பிறகு காற்றோட்டம், கடைசியில் மெஷின் என்பது என் வரிசை.

எதைச் செய்தாலும் பலனை எண்ணால் பார்க்க ஒரு சின்ன கருவி உண்டு: எவ்வளவு வேகமாக மூச்சை வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். நின்றுகொண்டு, மூச்சை முழுக்க இழுத்து, உதட்டால் குழாயை இறுக்கமாகக் கவ்வி, முடிந்த அளவு வேகமாக ஒரே மூச்சில் ஊத வேண்டும். முள் போய் நிற்கும் இடத்தைக் குறித்து, மூன்று முறையில் அதிகமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நன்றாக இருக்கும் நாட்களில் எட்டிய அதிகபட்ச அளவில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் நல்ல நிலை. 50-க்கும் 80-க்கும் நடுவில் எச்சரிக்கை. டாக்டர் எழுதிக்கொடுத்த திட்டப்படி மருந்தை மாற்ற வேண்டும். 50-க்குக் கீழே என்றால் நிவாரண இன்ஹேலரை உடனே எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்றம் செய்வதற்கு முன் இரண்டு வாரம், செய்த பின் சில வாரங்கள் காலையும் மாலையும் குறித்து வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது உதவியது என்று தெரியும். தூசிப்பூச்சி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பொறுமை வேண்டும்; பூச்சி செத்த பிறகும் பழைய எச்சம் துணிக்குள் இருக்கும், முள் மேலேற மாதக்கணக்கில் ஆகலாம்.