3,600 கட்டி வாங்கிய தப்பு விடைகள்: வீட்டுப்பாடச் சந்தா எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பதினான்கு கேள்வி, அதில் ஐந்து தப்பு. பிள்ளை செய்த தப்பு இல்லை, நான் காசு கொடுத்து வாங்கித் தந்த தப்பு. 3,600. ஒரு வருடச் சந்தா, ஒரே தவணையில் கட்டினேன். இன்று சாயங்காலம் மகள் நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடக் கேள்விக்கு "அந்தந்தப் பாட நிபுணர்" விடை எழுதித் தருவதாகச் சொல்லும் இணையதளம் அது. பெயரைப் போடப்போவதில்லை, இதே மாதிரி ஏகப்பட்டது இருக்கிறது, ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றதெல்லாம் யோக்கியம் என்று ஆகிவிடும். எப்படித் தப்பிப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரே நேரத்தில் அறிவியல், புவியியல், பொருளியல் மூன்றும் வந்து நின்றது. இரவு பதினோரு மணி. எனக்கும் மறுநாள் வேலை. தேடியதில் இந்தத் தளம் வந்தது, "ஒரு கேள்வி இலவசம்" என்றது. பனிக்கட்டி ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்பதைத் தொட்டேன். ஐந்தே நிமிடத்தில் விடை. தண்ணீருக்கு 4 டிகிரி செல்சியஸில்தான் அடர்த்தி அதிகம், உறையும்போது ஹைட்ரஜன் பிணைப்பால் மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அடுக்கி நிற்கின்றன, பருமன் சுமார் 9 சதவீதம் கூடுகிறது, அதனால் மிதக்கிறது. அதோடு விட்டிருந்தால் நானும் யோசித்திருப்பேன். கடைசியில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: ஏரி மேலிருந்து கீழாக உறைவதால்தான் அடியில் மீன்கள் பிழைத்துக் கிடக்கின்றன என்று. அடடா, யாரோ உட்கார்ந்து பிள்ளைக்குப் புரிய வேண்டுமே என்று எழுதியிருக்கிறார்களே என நினைத்தேன். மீனை வைத்து என்னைப் பிடித்துவிட்டார்கள். இலவசக் கேள்வியை நாமாகக் கேட்க முடியாது, அவர்கள் காட்டும் பட்டியலிலிருந்துதான் ஒன்றை எடுக்க வேண்டும் என்பது அன்றிரவு எனக்கு உறைக்கவே இல்லை. அப்போதே 3,600 கட்டினேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை இரவு பதினான்கு விடையும் வந்தன. மகள் பார்த்து எழுத உட்கார்ந்தாள். இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிட்டாள். பருவகாலங்கள் ஏன் வருகின்றன என்பது கேள்வி. பூமி சூரியனுக்குக் கிட்டே வரும்போது கோடை, தள்ளிப் போகும்போது குளிர்காலம் என்று விடை.

"அம்மா, அப்படின்னா உலகம் முழுக்க ஒரே நேரத்துல கோடை வரணுமே? ஆஸ்திரேலியாவுல டிசம்பர்லதானே கோடை?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நிபுணர் எழுதியிருக்கார், அவருக்குத் தெரியாதா, நீ எழுதுடி." இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பிள்ளை சரியாகக் கேட்டாள். பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவதே ஜனவரித் தொடக்கத்தில்தான், சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலைத் தொடக்கத்தில் 15.2 கோடி வரை தள்ளிப் போகிறது. வட பாதியில் அப்போதுதானே கோடை! காரணம் அச்சின் 23.5 டிகிரி சாய்வு. இது அவள் பாடப் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கிறது. காசு கட்டிவிட்டோமே என்று பிள்ளையின் கேள்வியைவிட அந்தத் திரையை நம்பினேன்.

நேரக் கணக்கு இன்னும் கொடுமை. ஓர் ஊர் 45 டிகிரி கிழக்கு, இன்னொன்று 30 டிகிரி மேற்கு, முதல் ஊரில் நண்பகல் 12 என்றால் இரண்டாவதில் மணி என்ன? ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, நடுவில் கிரீன்விச் வழியாகப் போகும் சுழியம் டிகிரித் தீர்க்கக்கோடு, அப்படியானால் கூட்ட வேண்டும். 75 டிகிரி, மணிக்கு 15 டிகிரி வீதம் ஐந்து மணி நேரம், மேற்கே பின்தங்கும், ஆக காலை 7. இவர்கள் 45-இல் 30-ஐக் கழித்து 15 டிகிரி, ஒரு மணி நேரம், காலை 11 என்று எழுதி, அடியில் கோடு வேறு போட்டிருந்தார்கள். ஆசிரியர் சிவப்பு மையில் "கிரீன்விச்சை எங்கே தொலைத்தாய்?" என்று கேட்டிருக்கிறார். வகுப்பில் இன்னும் இரண்டு பேர் அதே 11 மணியை எழுதியிருந்தார்களாம். அந்த வீடுகளிலும் ஒரு 3,600 போயிருக்கும்.

பொருளியலில் பருத்தி 100-க்கு விற்றது, அதிலிருந்து நூல் 150-க்கு, அதிலிருந்து துணி 220-க்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எவ்வளவு சேரும் என்று கேள்வி. மூன்றையும் கூட்டி 470 என்று விடை. துணியின் விலைக்குள்ளேயே நூலும் பருத்தியும் அடங்கிவிட்டதே, இறுதிப் பொருள் 220 மட்டும்தானே சேரும்! கூட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு படியிலும் கூடிய மதிப்பை, 100, 50, 70 என்று கூட்ட வேண்டும், அதுவும் 220-தான். விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்று பார்ப்பதுதான் தேவை நெகிழ்ச்சி, தேவையின் சதவீத மாற்றத்தை விலையின் சதவீத மாற்றத்தால் வகுக்க வேண்டும், அதைத் தலைகீழாக வகுத்திருந்தார்கள். 60 கிலோ ஆளின் நிறை நிலவில் 10 கிலோ ஆகிவிடுமாம். எடைதான், அதாவது ஈர்ப்பு இழுக்கும் விசைதான், ஆறில் ஒரு பங்காகக் குறையும், நிறை என்பது உடம்பில் உள்ள பொருளின் அளவு, அது எங்கே போனாலும் 60 கிலோதான்.

மீதி ஒன்பதும் சரிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஒன்பதும் புத்தகத்தைத் திறந்தால் வரிக்கு வரி கிடைப்பவை. யோசிக்க வேண்டிய இடம் வந்தால் நிபுணரைக் காணோம்.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. அரட்டைப் பெட்டியில் எழுதினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்." சரி, பணம்? "பாடநூல் பதிப்புக்கு ஏற்ப விடை மாறுபடலாம்." பூமியின் சாய்வு எந்தப் பதிப்பில் மாறியது என்று கேட்டேன். அரட்டை முடிந்தது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று ஒரு பெட்டி வந்து நின்றது. திரும்ப எழுதினேன். விடை கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பிழையைச் சொன்னால்தான் பணம் திரும்பக் கிடைக்குமாம். விடை வந்தது வெள்ளி இரவு, ஆசிரியர் நோட்டைத் திருத்திக் கொடுத்தது இன்று புதன்கிழமை. தப்பு என்று 24 மணி நேரத்துக்குள் கண்டுபிடிக்கத் தெரிந்தவள் எதற்கு 3,600 கட்டப்போகிறாள்? கடைசியாக, பணத்துக்குப் பதில் இருபது கேள்வி இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். கிழிசல் துணி கொடுத்த கடைக்காரன், அதே சுருளிலிருந்து இன்னும் இரண்டு முழம் கிழித்துத் தருகிறேன் என்ற மாதிரி.

வீட்டுப்பாடத்தைப் பிள்ளைதானே செய்யணும், உனக்கு நல்லா வேணும் என்பீர்கள். வேணும்தான். அதற்காக அவர்கள் செய்தது சரியாகிவிடாது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. இலவசக் கேள்வியை நீங்களே தட்டச்சு செய்ய விடுகிறார்களா என்று பாருங்கள், விடாவிட்டால் வெளியே வந்துவிடுங்கள். விடை தெரிந்த கணக்கு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். வருடச் சந்தா வேண்டவே வேண்டாம். தானாகப் புதுப்பிக்கும் குறி எங்கேயோ அடியில் ஒளிந்திருக்கும், எடுத்துவிடுங்கள், நானே இன்றைக்குத்தான் அதைப் பார்த்தேன், இல்லாவிட்டால் அடுத்த வருடம் இன்னொரு 3,600 போயிருக்கும்.

அந்த ஐந்தையும் நாளைக்குத் திருத்தி எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறாள். நெகிழ்ச்சிக் கணக்கில் எதை மேலே போடுவது என்று கூப்பிடுகிறாள், போகிறேன்.