அக்கா சிங்கப்பூரில், சைட் பெங்களூரில்: எந்த வக்கீலைப் பிடிப்பது?

பெங்களூர் ராமமூர்த்தி நகரில் அப்பா வாங்கிப் போட்ட 30க்கு 40 அடி சைட் (வீட்டுமனை) அக்கா பேரில் இருக்கிறது. அக்கா இருப்பது சிங்கப்பூரில். பக்கத்து சைட்காரர் வீடு கட்டத் தொடங்கியபோது காம்பவுண்டு சுவரை எங்கள் பக்கம் மூன்று அடி தள்ளி எழுப்பிவிட்டார். அல்சூரிலிருந்து போய் டேப் பிடித்து அளந்து அக்காவுக்குப் படம் அனுப்பினேன். 40 அடி நீளத்துக்கு மூன்று அடி என்றால் 120 சதுர அடி, மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கு. "கேஸ் போட்டுடலாம்டா, ஆனா ஒவ்வொரு வாய்தாவுக்கும் நான் வர முடியாது" என்றாள்.

முதலில் எல்லாரும் சொன்ன யோசனை, "தம்பி பேர்ல ஜெனரல் பவர் எழுதிக் கொடுத்துடு, அவன் வக்கீலைப் பிடிச்சுப் பார்த்துக்குவான்" என்பதுதான். பவர் என்றால் நமக்குப் பதிலாக இன்னொருவர் செயல்பட எழுதிக் கொடுக்கிற அதிகாரப் பத்திரம். பவர் வாங்க வேண்டிய நானே வேண்டாம் என்றேன். ஜெனரல் பவர் என்று எழுதும்போது பெரும்பாலும் விற்கிற அதிகாரத்தையும் சேர்த்துவிடுவார்கள். மூன்று அடிக்கு நடக்கிற கேஸுக்கு முழு சைட்டையும் எதற்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்? அதுவும் போக, பவர் இருந்தால் எல்லாம் ஆகிவிடாது. பவர் வைத்திருப்பவர் கோர்ட் அனுமதி இல்லாமல் வக்கீல் மாதிரி எழுந்து வாதாட முடியாது என்று 1999இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எழுதிக் கொடுத்தவருக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயங்களுக்கு அவருக்குப் பதிலாகக் கூண்டேறிச் சாட்சி சொல்லவும் முடியாது என்பது 2004 டிசம்பரில் வந்த தீர்ப்பு. சுவரை அளந்தது நான் என்பதால் அதை என் சாட்சியாகவே சொல்லலாம். அப்பா அக்காவிடம் என்ன சொல்லி இடத்தைக் கொடுத்தார் என்பதை அவள்தான் சொல்லியாக வேண்டும்.

அதனால் இந்தக் கேஸுக்கு மட்டுமான ஸ்பெஷல் பவர் எழுதினோம். சிங்கப்பூரில் நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அப்போஸ்டில் (ஒரு நாட்டுப் பத்திரத்தை இன்னொரு நாடு ஏற்பதற்கான சான்று) வாங்கினால் போதும். அந்த நாடு அப்போஸ்டில் ஒப்பந்தத்துக்குள் வந்தது 2021இல்தான். துபாயில் இருப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை, இந்தியத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். பத்திரம் இந்தியாவுக்குள் வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். நிறைய பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். கூரியர் கவரையும் தூக்கி எறியாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் அத்தாட்சி.

அடுத்து, ரெசிடென்சி ரோட்டில் ஒரு பெரிய சட்ட நிறுவனம். காபி நன்றாக இருந்தது. அக்கா அனுப்பிய ஒவ்வொரு மெயிலுக்கும் மறுநாளே பதில் வந்தது, அதுவும் எண் போட்டு, பத்தி பிரித்து. அப்புறம் ஆலோசனைக்கான பில் வந்தது. அதில் ஒரு வரி: "கட்சிக்காரரின் மின்னஞ்சல் பரிசீலனை, 0.3 மணி." அக்காவின் நாலு வரி மெயிலைப் படிக்கப் பதினெட்டு நிமிடம்! அவர்கள்மேல் தப்பு சொல்ல மாட்டேன், மணிக்கணக்கில் பில் போடுகிற இடத்தில் அப்படித்தான் வரும். இரண்டு நாட்டில் சொத்து, உயில் தகராறு, கம்பெனிப் பங்கு என்று இருந்தால் அவர்களிடமே போகலாம். சுவர்க் கேஸுக்குக் கட்டுப்படியாகாது. மேலும் கோர்ட்டில் நிற்கப் போவது நம்மிடம் பேசியவர் இல்லை, வேறொருவர்.

'என்ஆர்ஐ பேக்கேஜ்' விற்கிற இணையதளத்தையும் விட்டுவைக்கவில்லை. பணம் கட்டி ஒரு சட்டக் கருத்து வாங்கினோம். மூன்று பக்கம் வந்தது. முதல் பக்கத்திலேயே வில்சன் கார்டனில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டைப் பற்றிப் பேச்சு. யாருக்கோ எழுதியதில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இந்தியாவில் வக்கீல்கள் விளம்பரம் செய்து கேஸ் பிடிக்கக் கூடாது. இணையதளம் வழியாகச் செய்வதையும் தடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்களைக் கண்காணிக்கிற பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. நட்சத்திரக் குறியீட்டை நம்புவதைவிட வக்கீலின் பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். கர்நாடகத்தில் பதிந்தவர் என்றால் கேஏஆர் என்று தொடங்கும்.

ஒன்று, பில்டர் ஃபிளாட்டை ஒப்படைக்கவில்லை என்பது உங்கள் பிரச்சினையானால் இந்த அலைச்சலில் பாதி தேவையில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் ஆன்லைனிலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

கடைசியில் வந்து நின்றது மேயோ ஹால் கோர்ட் பக்கத்தில் தனியாக ஆபீஸ் வைத்திருக்கிற வக்கீல்களிடம். முதலில் பிடித்தவர் பாதி ஃபீஸை வாங்கிக்கொண்டு மூன்று வாரம் "ஃபைலிங்ல இருக்கு" என்றார். கேஸ் பதிவானதும் எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட சிஎன்ஆர் என்ற வழக்கு அடையாள எண் கிடைக்கும். அதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, அன்றைக்கு என்ன நடந்தது என்று சிங்கப்பூரிலிருந்தே பார்க்கலாம். அந்த எண்ணைக் கேட்டேன். இன்றைக்கு, நாளைக்கு என்றார். கேஸே போடவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. பாக்கியைக் கொடுத்தால்தான் பத்திரங்களைத் தருவேன் என்று வேறு முறுக்கினார். ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கேஸ் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்ன தீர்ப்பைக் காட்டியதும் கொடுத்துவிட்டார். ஒரிஜினல் கிரயப் பத்திரத்தை அவரிடம் கொடுக்காமல் நகலோடு நிறுத்தியிருந்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

இரண்டாவதாகப் போனதும் அதே தெருவில், அதே மாதிரி சின்ன ஆபீஸ்தான். வக்கீல் ஒரு அம்மா, அவருக்கு ஒரு ஜூனியர் பையன். எங்கள் கிரயப் பத்திரம், கட்டா (சொத்து வரிக்கான உள்ளாட்சிப் பதிவு) எல்லாம் கன்னடத்தில். அந்த அம்மாவே கன்னடத்தில் வாசித்து, தமிழில் அக்காவுக்கு வீடியோ காலில் விளக்கினார். பெரிய நிறுவனத்தில் இது நடக்கவில்லை, அங்கே எல்லாவற்றையும் மொழிபெயர்ப்புக்கு அனுப்பி அதற்கும் பில் போட்டிருப்பார்கள். ஃபீஸை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: ஃபைல் செய்யும்போது இவ்வளவு, இடைக்காலத் தடைக்கு இவ்வளவு, சாட்சி விசாரணைக்கு இவ்வளவு. முதலாமவர் "ஜெயிச்சா சைட் மதிப்புல பங்கு" என்றும் ஒரு தடவை இழுத்திருந்தார். பார் கவுன்சில் விதிப்படி அப்படி வாங்கக் கூடாது. யாராவது அப்படிக் கேட்டால் அங்கேயே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வக்காலத்தில் அக்காவே கையெழுத்துப் போட்டாள், நான் போடவில்லை. ஏதாவது என்றால் வக்கீல் பதில் சொல்ல வேண்டியது அவளுக்குத்தானே. சாட்சி சொல்லும் கட்டம் வந்தால் இந்தியத் தூதரகத்தில் உட்கார்ந்து வீடியோ வழியாகச் சொல்லக் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

வாய்தா அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ஜூனியர் பையன் ஒரு வாய்ஸ் மெசேஜ் போடுகிறான், அக்காவுக்கு அப்போது ஒன்பதரை. போன தடவை வந்தது இது: "மேடம், எதிர்க்கட்சி டைம் கேட்டாங்க, இருபது நாள் தள்ளிப் போச்சு. சுவர் வேலை நின்னுருக்கான்னு உங்க தம்பியை ஒரு தடவை பார்த்துட்டு வரச் சொல்லுங்க." ஞாயிற்றுக்கிழமை டேப்போடு போகிறேன்.