அக்காவின் லூபஸுக்கு எந்த எலி நெருக்கம்?

ராயபுரத்தில் அக்கா வீட்டு வாசலில் வெயில் ஏறும் முன்பே கோலம் முடிந்துவிடும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் வந்ததிலிருந்து அப்படித்தான். வெயில் பட்டால் மூக்கின் இரு பக்கமும் கன்னம் சிவந்து தடித்துவிடும். காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனாலும் குடையோடுதான் போவாள். அவளுக்காகத்தான் இந்த நோயைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். ஆய்வகங்களில் லூபஸுக்கென்றே வளர்க்கும் சுண்டெலிகளில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வந்தன.

முதலாவது எம்ஆர்எல்-எல்பிஆர். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் 1970களில் உருவானது. டி செல் என்பது எதிர்ப்புச் சக்திக்கான ஒரு வகை வெள்ளையணு. வேலை முடிந்த டி செல் தானாகச் சாவதற்கு ஃபாஸ் என்ற மரபணு வேண்டும். இந்த எலியில் அது பழுது, 1992இல் கண்டுபிடித்தார்கள். சாக வேண்டியவை சாகாமல் குவிகின்றன. டி செல்லின் வழக்கமான அடையாளங்களான சிடி4ம் அவற்றில் இருக்காது, சிடி8ம் இருக்காது. போதாததற்கு, கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைச் சுரக்கும் பி செல் என்ற வேறு வெள்ளையணுவின் அடையாளம் ஒன்றையும் ஏந்தியிருக்கும். தொண்டை கரகரத்தால் நமக்குக் கழுத்தில் நெறி கட்டுமே, இந்த எலிக்கு உடம்பெல்லாம் அப்படிக் கட்டும். ஐந்தாறு மாதத்தில் பாதி எலிகள் இறந்துவிடும். சீக்கிரம் முடிவு தெரியும் என்பதால் ஆய்வகத்துக்கு வசதி. ஆனால் மனிதரில் ஃபாஸ் கெட்டால் பெரும்பாலும் வருவது லூபஸ் இல்லை; சிறு வயதிலேயே நெறியும் மண்ணீரலும் வீங்கும் வேறொரு நோய்.

அடுத்தது நியூசிலாந்துக் கறுப்பு எலிக்கும் வெள்ளை எலிக்கும் பிறக்கும் கலப்பு. கறுப்புக்கு ரத்தச் சிவப்பணுக்கள் அழியும் சோகை வரும், வெள்ளை ஏறக்குறைய ஆரோக்கியம், குட்டிக்குத்தான் லூபஸ். ஒரே மரபணு கெட்டு வருவதில்லை, பல சேர்ந்து வருகிறது. பி செல்கள் அடங்காமல் டிஎன்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடி சுரக்க, அது சிறுநீரக வடிகட்டியில் படிந்து யூரினில் புரோட்டீன் இறங்கும். முதலில் விழுவது பெண் எலிகள். ஆணுக்குப் பல மாதம் கழித்துத்தான். லூபஸ் நோயாளிகள் பத்தில் ஒன்பது பேர் பெண்கள் என்பதோடு இது பொருந்துகிறது.

பிஎக்ஸ்எஸ்பி என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் ஆணுக்குத்தான் நோய் முந்தும். அக்கா கதைக்கு அது தூரம்.

நெறி வீக்கம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும், என் ஓட்டு மெதுவான அந்தக் கலப்பு எலிக்குத்தான். அக்காவிடம் சொன்னேன். “அந்த எலிக்கு மருந்து கேக்குதாடா?” என்றாள்.

கேட்டிருக்கிறது. சைக்ளோபாஸ்பமைடு கொடுத்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. போன வருஷம் அக்காவுக்கு ஏற்றியதும் அதே மருந்துதான்.