நாய்க்கு முடி வெட்ட: பார்லரா, வீட்டிலேயேவா?

எங்கள் ஷிட்சு நாய்க்கு ஐந்து வயது. முதல் இரண்டு வருடம் பார்லர், அடுத்த மூன்று வருடம் வீடு என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன். முன்பே சொல்லிவிடுகிறேன், நான் வீட்டின் பக்கம். தராசு முள் நடுவில் நிற்கிற அலசலை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் தாண்டிவிடுவோம். பார்லரில் வெட்டு நேர்த்தியாக இருக்கும், இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும், நம் குளியலறைக் குழாயில் முடி அடைக்காது. வீட்டில் என்றால் காசு மிச்சம், நாய்க்குப் பழகிய இடம், பழகிய கை. அழகில் பார்லரோடு போட்டி போட முடியாது. நான் முதல் தடவை வெட்டியபோது ஒரு காதில் முடி அரை அங்குலம் மேலே ஏறிவிட்டது. அதைச் சமன் செய்யப் போனதில் மற்றது இன்னும் மேலே போனது. ஒரு மாதம் வாசலில் யார் கேட்டாலும் “வெயிலுக்காகக் குறைத்தோம்” என்று சமாளித்தேன்.

ஆனால் என் முடிவை மாற்றியது காசும் இல்லை, அழகும் இல்லை. சடை.

ஷிட்சு, பூடில், மால்டீஸ் மாதிரி நாய்களுக்கு முடி நம் தலைமுடி போல நீண்டுகொண்டே வளரும். உதிர்கிற முடியில் பெரும்பகுதி தரைக்கு வராது, பக்கத்து முடியிலேயே சிக்கி நிற்கும். “இந்த ஜாதிக்கு முடி கொட்டாது” என்று சொல்லி விற்கிறார்களே, அதற்குப் பின்னால் இருக்கிற கதை இதுதான். சிக்கியது முறுக்கிக்கொண்டு முடிச்சாகும், முடிச்சுகள் ஒட்டிக் கம்பளி மாதிரி ஆகும், அதுதான் சடை. காதுக்குப் பின்னால், கக்கத்தில், தொடை இடுக்கில், கழுத்துப்பட்டை உரசும் இடத்தில் முதலில் வரும். அதிலும் குட்டி முடி போய் வளர்ந்த நாயின் முடி வருகிற மாதங்களில் காலையில் எடுத்த சிக்கு சாயங்காலமே திரும்பி வந்திருக்கும்.

எங்களுக்கு நடந்தது அந்தப் பருவத்தில்தான், பத்தாவது மாதம். தினமும் பிரஷ் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். பார்ப்பதற்குப் பஞ்சுப்பொதி. பார்லரில் இருந்த பெண் என் கையைப் பிடித்து, “விரலை உள்ளே விட்டுப் பாருங்க சார்” என்றார். விரல் தோலுக்கே போகவில்லை. நாங்கள் மேல்முடியை மட்டும் நீவிக்கொண்டிருந்திருக்கிறோம், அடியில் ஒரு பாய் விரித்த மாதிரி சடை. “இதை எடுக்கப் பார்த்தா அதுக்குத்தான் வலி, மொட்டைதான்” என்று சொல்லிவிட்டார். மொட்டை அடித்த பிறகு கக்கத்தில் தோல் சிவந்து ஈரமாக இருந்ததைப் பார்த்தபோது அவர் மேல் வந்த கோபம் என் மேலேயே திரும்பியது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை பார்லர் போகிறவர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான். நடுவில் உள்ள நாற்பது நாள் நாய் யார் வீட்டில் இருக்கிறது? தினமும் சிக்கெடுக்கிற வேலையை எந்தப் பார்லரும் நமக்காகச் செய்ய முடியாது. அங்கே போகும்போது சடை இறுகியிருந்தால் பெரும்பாலும் அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி மொட்டை. சிக்கெடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டாலோ முக்கால்வாசி வேலை ஏற்கெனவே நம் கையில். அப்புறம் மிச்சம் இருக்கும் குளியலுக்கும் வெட்டுக்கும் மட்டும் எதற்கு வெளியே போவது என்று தோன்ற ஆரம்பித்துவிடும்.

முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தண்ணீர் லேசாகத் தெளித்து, தலைக்கு வகிடு எடுப்பது போல முடியைப் பிரித்து, தோல் தெரிகிற அந்தக் கோட்டிலிருந்து ஸ்லிக்கர் பிரஷ், அதாவது மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ். ஒரு வரிசை முடிந்ததும் அடுத்த வகிடு. கடைசியில் எஃகுச் சீப்பு. சீப்புதான் பரிட்சை. அடியிலிருந்து நுனி வரை தடங்காமல் வந்தால் சரி, நின்றால் அங்கே வேலை பாக்கி. முடிச்சைப் பிரிக்கும்போது அதன் அடியை விரலால் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது. இதெல்லாம் குளிப்பாட்டுவதற்கு முன்னால். நனைந்து காய்ந்த சிக்கு இன்னும் இறுகிவிடும். குளித்த பிறகும் தானாகக் காயட்டும் என்று விடாமல், சூடு குறைத்த டிரையரோடு பிரஷ் போட்டபடியே காயவைப்பது நல்லது.

கத்தரிக்கோலால் சடையை வெட்டாதீர்கள். தோல் சடைக்குள் இழுபட்டு எழும்பி நிற்கும், முடி என்று நினைத்துத் தோலை வெட்டிவிடுவோம். முடி வெட்டும் மெஷினான க்ளிப்பரில் 10-ஆம் எண் பிளேடைச் சடைக்கு அடியில் ஓட்டுவதுதான் பாதுகாப்பு. அது சுமார் 1.5 மில்லிமீட்டர் முடியை விட்டுவைக்கும். எண் கூடக்கூட முடி குறையும், வாங்கும்போது குழம்ப வேண்டாம். ஓடுகிற பிளேடு சூடாகும். சில நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்து, சுட்டால் நிறுத்த வேண்டும்.

வீட்டின் பக்கம் பேசுகிறவனாக இதையும் ஒப்புக்கொள்கிறேன்: தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் போகும். அது முடியாது என்றால் முடியைக் குட்டையாகவே வைத்துக்கொண்டு பார்லருக்குப் போவதுதான் நாய்க்கு நல்லது. ஏற்கெனவே உடம்பு முழுக்கச் சடை விழுந்த நாயையும், தொட்டால் கடிக்கிற நாயையும் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். ஆசனவாய் ஓரத்துச் சுரப்பியைப் பிதுக்கிச் சுத்தம் செய்கிற விஷயத்தில் நான் கையே வைப்பதில்லை, அது கால்நடை மருத்துவருக்கு. நகம் வீட்டில்தான். கறுப்பு நகத்தில் ரத்தநாளம் தெரியாது என்பதால் வாரம் ஒருமுறை நுனியை மட்டும் சீவுகிறேன். விடாமல் சீவினால் அந்த நாளமும் மெல்லப் பின்வாங்கும்.

பார்லர் என்று முடிவு செய்தால், நாயைக் கூண்டில் அடைத்துச் சூடான காற்று விடுகிறார்களா என்று கேட்டுவிடுங்கள். ஷிட்சு, பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்பைக் குளிர்விப்பதே சிரமம். சூடு சீக்கிரம் ஏறிவிடும்.

லாப்ரடார், ஹஸ்கி மாதிரி இரட்டை அடுக்கு முடிக்காரர்களுக்கு (மேல்முடிக்கு அடியில் மென்மையான அடிமுடி தனியாக இருக்கும்) இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. நான் நண்பரின் லாப்ரடாரை இரண்டு தடவை சீவியதோடு சரி, அதனால் இதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுக்கு வெட்டே வேண்டாம், மொட்டை கூடவே கூடாது. தளர்ந்த அடிமுடியை எடுத்தால் போதும். பார்லரில் இருக்கும் வேகமான ஊதுகாற்று இயந்திரம் அதை ஒரே மூச்சில் செய்துவிடுகிறது. எனக்கு அந்த இரண்டு தடவையும் முதுகு போய்விட்டது.

பார்லரை நாங்களும் முழுக்க விட்டுவிடவில்லை. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை போகிறோம். போன தடவை அதே பெண் சீப்பைத் தோலில் வைத்து இழுத்தார், வால் வரை தடங்கலே இல்லை. “என்ன சார் செய்யணும்?” என்றார். இரண்டு காதையும் ஒரே அளவாக வெட்டித் தரச் சொன்னேன்.