வடமராட்சியில் படகு ரெயிலர் திருத்துவித்த அனுபவம்

மெல்பேர்ணிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, மச்சானின் கண்ணாடியிழைப் படகை ஏற்றும் ரெயிலரைத் தார்வீதிக்கு ஏற்றதாக மாற்றும் வேலையை நெல்லியடிப் பக்கத்தில் ஒரு வெல்டிங் பட்டறையிலும் அதனருகே ஒரு கராஜிலும் செய்வித்தேன்.

கரையோர ரெயிலர்களில் பெரும்பாலானவை லான்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தின் வேகத்துக்கென்றே கட்டப்பட்டவை. வாடியிலிருந்து (மீனவர் கொட்டிலிலிருந்து) கடலோரம்வரை மணலில் இழுக்க அவை தாராளமாகப் போதும். பிக்கப்பில் பூட்டி வல்லை வெளியைக் கடந்து யாழ்ப்பாணம்வரை கொண்டுபோவதென்றால் நிலைமை வேறு.

கராஜ்காரர் சில்லின் நடுவே பெயரிங் இருக்கும் ஹப்பைத் திறந்தபோது கிறீஸ் வெளுத்துப் பாலாகியிருந்தது. ஓடிவந்த சூட்டோடு சில்லு கடல்நீரில் இறங்கினால், ஹப்பினுள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, தேய்ந்த சீல் வழியே உப்புநீரை உள்ளே உறிஞ்சிவிடும். "சூட்டோடை தண்ணிக்குள்ளை விடாதேங்கோ அண்ணை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு இறக்குங்கோ" என்பதே அவருடைய வைத்தியம். பெயரிங்கின் விளிம்பைத் துடைத்து, பொறித்திருந்த இலக்கத்தை வாசித்து, அதே அளவை மோட்டார் உதிரிப்பாகக் கடையிலிருந்து எடுப்பித்தார். உள்ளங்கையில் கிறீஸை வைத்து, உருளைகளின் மறுபக்கம் பிதுங்கி வரும்வரை அழுத்தினார். சில்லைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கி, பின்னர் தளர்த்தி, விரல்களால் மட்டும் மீண்டும் இறுக்கி, நட்டு கழராமல் தடுக்கும் கொட்டர் பின்னைச் செருகினார். மெல்பேர்ணில் ஹப்பை முழுதாக மாற்றச் சொல்லிப் பெரிய பில் ஒன்றை நீட்டியிருப்பார்கள்.

வெல்டிங் வேலையிலும் குறையில்லை. உள்ளிருந்தே துருப்பிடித்த பெட்டிக் குழாய்க்குப் பதிலாகத் ஒரு பக்கம் திறந்த, ‘ப’ வடிவச் சனல் இரும்பைப் பொருத்தியது நல்ல யோசனை. உப்பைக் கழுவிவிடலாம், துருவும் கண்ணுக்குத் தெரியும். ஆனால் ஒட்டிய இடங்களில் சாதாரண வண்ணத்தைப் பூசவே முற்பட்டார்கள். துத்தநாக வண்ணம்தான் வேண்டுமென்று வற்புறுத்த வேண்டியிருந்தது.

என் மனக்குறை விளக்குகளைப் பற்றியதே. மின்சாரம் வாகனத்துக்குத் திரும்பும் எர்த் வயரை இழுக்காமல், ரெயிலரைப் பிக்கப்போடு இணைக்கும் கொழுக்கிப் பூட்டின் இரும்பு வழியே மின்சாரம் திரும்பட்டும் என்று விட்டிருந்தார்கள். துருவும் கிறீஸும் படிந்த பூட்டில் அந்த இணைப்பு நிலைக்காது. பிறேக்கை மிதித்தபோது சிக்னல் விளக்கு மங்கியதும் அதனால்தான். தனி எர்த் வயர் போட்டு, நீர்புகாத எல்ஈடி விளக்குகளைப் பூட்டிய பிறகே இரவில் வீதிக்கு எடுக்க மனம் வந்தது.

ஆஸ்திரேலியாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட ரெயிலருக்குப் பிறேக் கட்டாயம். எங்கள் சுமை அதற்குள் அடங்கியதால் அந்தச் செலவைத் தவிர்த்தோம். படகின் முன்முனை வந்து முட்டும் தூணை மட்டும் சற்று முன்னே நகர்த்தி, மொத்தச் சுமையில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கொழுக்கியில் விழும்படி செய்தோம். முன்பு வேகம் கூடினால் வாலாட்டிய ரெயிலர், வல்லை வெளியின் பக்கக் காற்றிலும் நேராகவே வந்தது. அடுத்து மாற்ற வேண்டியவை பக்கச்சுவரில் வெடிப்பு விழுந்த ரயர்கள்; அவற்றை மச்சான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.