கேன்டர்பரியா, யார்க்கா? இரு பேராயர் நகரங்களின் ஒப்பீடு

இங்கிலாந்துத் திருச்சபைக்குப் பேராயர்கள் இருவர். தெற்கே கேன்டர்பரியில் இருப்பவர் ‘அனைத்து இங்கிலாந்தின் தலைமைப் பேராயர்’ என்றும், வடக்கே யார்க்கில் இருப்பவர் ‘இங்கிலாந்தின் தலைமைப் பேராயர்’ என்றும் அழைக்கப்படுகின்றனர். ‘அனைத்து’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால், இரண்டில் எந்தப் பீடம் உயர்ந்தது என்ற ஏறத்தாழ முந்நூறு ஆண்டு வழக்கு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில்தான் அது தீர்ந்தது. இங்கிலாந்தின் பழைய பேராலய நகரம் ஒன்றையாவது நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் கடைசியில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். வரலாற்றிலேயே எதிரெதிராக நின்ற நகரங்கள் என்பதால், இவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றை வைத்துப் பார்ப்பது பொருத்தமே.

தொன்மையிலிருந்து தொடங்கலாம். பாப்பரசர் முதலாம் கிரகோரி அனுப்பிய துறவி அகஸ்டின் 597இல் கென்ட் நாட்டுக்கு வந்து சேர்ந்தார். அரசன் எத்தல்பர்ட் அப்போது கிறித்தவன் அல்லன். ஆனால் பிராங்க் நாட்டிலிருந்து மணமுடித்து வந்த அரசி பெர்த்தா ஏற்கெனவே கிறித்தவர். அவர் வழிபட்ட புனித மார்ட்டின் ஆலயத்தில் இன்றும் வழிபாடு நடக்கிறது. கிரகோரியின் திட்டப்படி லண்டனிலும் யார்க்கிலும்தான் இரு பேராயர் பீடங்கள் அமைந்திருக்க வேண்டும். அகஸ்டின் தமக்கு ஆதரவளித்த அரசனின் ஊரிலேயே தங்கிவிட்டதால், லண்டனுக்குரிய பெருமை கேன்டர்பரிக்குப் போயிற்று. யார்க்கின் கதையோ ரோமானியப் படையிலிருந்து தொடங்குகிறது. கி.பி. 71இல் கோட்டையாக எழுந்த அந்த ஊரில்தான் 306இல் கான்ஸ்டன்டைன் பேரரசனாக அறிவிக்கப்பட்டான். 627இல் அரசன் எட்வின் திருமுழுக்குப் பெறுவதற்காக அங்கே கட்டப்பட்ட சிறிய மரக் கோயில்தான் யார்க் பேராலயத்தின் முதல் வடிவம். அந்தப் பீடம் பேராயர் பீடமாக உயர்ந்தது 735இல். ஆக, பேரரசின் வரலாற்றைத் தேடுபவருக்கு யார்க்கும், கிறித்தவத் தொன்மையைத் தேடுபவருக்குக் கேன்டர்பரியும் முந்தி நிற்கின்றன.

இரு நகரங்களின் போட்டி 1170இல் இரத்தம் சிந்தும் அளவுக்குப் போனது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கேன்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கட்டின் கொலையை அரசனுக்கும் பேராயருக்கும் இடையிலான பகையாக மட்டுமே நாம் படித்திருக்கிறோம். ஆனால் அந்த ஆண்டு ஜூன் மாதம், இரண்டாம் ஹென்றி தன் மகனுக்கு முடிசூட்ட அழைத்தது யார்க் பேராயர் ரோஜரை. முடிசூட்டும் உரிமை கேன்டர்பரிக்கே உரியது என்று கருதப்பட்ட காலம் அது. பெக்கட்டோ நாடு கடந்து பிரான்சில் இருந்தார். அவர் ரோஜரைப் பணியிடை நீக்கம் செய்தார். உடன் நின்ற ஆயர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவர்கள் நார்மண்டியில் இருந்த அரசனிடம் சென்று முறையிட, அரசனின் கோபச் சொற்களைக் கேட்ட நான்கு வீரர்கள் கடல் கடந்து வந்து, டிசம்பர் 29 அன்று அதற்குள் நாடு திரும்பியிருந்த பெக்கட்டைக் கேன்டர்பரிப் பேராலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றனர். பின்னர் அவர்கள் சென்று தங்கிய இடம் யார்க்‌ஷயரில் இருந்த நேர்ஸ்பரோ கோட்டை. இந்த ஒரு நிகழ்வை முழுமையாகப் புரிந்துகொள்ள இரு நகரங்களும் வேண்டும். எனினும் அதன் வடு பதிந்திருப்பது கேன்டர்பரியில்தான்.

பெக்கட் 1173இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே பேராலயத்தின் கிழக்குப் பகுதி தீக்கிரையானது. அதை மீண்டும் எழுப்ப வந்த பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் சான்ஸ் நகரத்து வில்லியம், கூர்முனை வளைவுகளும் விலாக்கல் கூரையும் கொண்ட புதிய பாணியைக் கொண்டுவந்தார். 1178இல் அவர் சாரத்திலிருந்து விழுந்து படுகாயமுற, ‘ஆங்கிலேய வில்லியம்’ என்று அழைக்கப்பட்ட மற்றொருவர் பணியை முடித்தார். புனிதரின் பேழைக்காகவே உயர்த்திக் கட்டப்பட்ட திரித்துவச் சிற்றாலயத்துக்குச் செல்லும் கற்படிகள், யாத்திரிகர்கள் ஏறி ஏறி நடுவில் குழிந்து கிடக்கின்றன. மேலே சென்றால் பேழை இல்லை. எட்டாம் ஹென்றியின் ஆணைப்படி 1538இல் அது தகர்க்கப்பட்டது. வெறும் தரையில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கிறது. பேழை இருந்த இடத்தைச் சுற்றிய தரைக்கல் மட்டும் தேய்ந்திருப்பது, மண்டியிட்ட மக்களைத் தானாகவே நினைவூட்டுகிறது. இங்கிலாந்தின் பேராலயங்களில் இதைவிட மனத்தை அசைக்கும் இடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. யார்க் பேராலயத்தின் கிழக்குப் பெருஞ்சாளரம் ஏறத்தாழ ஒரு டென்னிஸ் ஆடுகளத்தின் பரப்புடையது. 1405இல் ஜான் தார்ன்டன் என்ற கலைஞருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, வாரம் 4 ஷில்லிங், ஆண்டுக்கு 5 பவுண்டு, குறித்த மூன்றாண்டுக்குள் முடித்தால் மேலும் 10 பவுண்டு. அவர் 1408இல் முடித்துக் கொடுத்தார். உச்சியில் திறந்த நூலுடன் இறைவன்; அதற்குக் கீழே படைப்பின் கதை; அதன் கீழ் உலகின் முடிவு. வடபுறத்தில் உள்ள ‘ஐந்து சகோதரிகள்’ சாளரம் இதற்கு நேர்மாறானது. 1260ஐ ஒட்டிச் செய்யப்பட்ட அதில் உருவங்களும் கண்ணைப் பறிக்கும் நிறங்களும் மிகக் குறைவு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளில் சாம்பல் நிறமே மேலோங்கி நிற்கிறது. முதல் உலகப் போரில் உயிரிழந்த பேரரசின் பெண்களுக்கு அது 1925இல் நினைவுச் சின்னமாக அர்ப்பணிக்கப்பட்டது.

இத்தனை கண்ணாடி யார்க்கில் தப்பியதற்குக் காரணம் உண்டு. 1640களின் உள்நாட்டுப் போரில் நகரைக் கைப்பற்றிய நாடாளுமன்றப் படையின் தளபதி தாமஸ் ஃபேர்ஃபாக்ஸ், தன் மண்ணின் பேராலயத்தைச் சிதைக்க விடவில்லை. அதே காலத்தில் கேன்டர்பரியில் ரிச்சர்ட் கல்மர் என்ற போதகர் தாமே முன்னின்று சாளரங்களை உடைத்தார். அவ்வளவுக்குப் பிறகும் எஞ்சியவை, பழமையில் யார்க்கின் பெருஞ்சாளரங்களை விஞ்சுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். இடையில் தோலைச் சுற்றிக்கொண்டு, மண்வெட்டியால் நிலம் கொத்தும் ஆதாமின் கண்ணாடி உருவம் 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பெக்கட்டின் பேழையருகே நோய் நீங்கிய எளிய மனிதர்களைக் காட்டும் சாளரங்களும் அங்கேதான் உள்ளன. அளவிலும் தொகையிலும் யார்க். வயதிலும் அணுக்கத்திலும் கேன்டர்பரி.

பேராலயத்தை விட்டு வெளியே வந்தால், தயக்கமின்றி யார்க்கைத்தான் சொல்வேன். சுமார் 3.4 கிலோமீட்டர் நீளமுள்ள மதிலின் மேல் நடந்தே ஊரைச் சுற்றிவரலாம். 866இல் ஊரைப் பிடித்த வைக்கிங்குகள் தங்கள் மொழியைத் தெருக்களில் விட்டுச் சென்றிருக்கிறார்கள்: ‘கேட்’ என்று முடியும் பெயர்கள் வாயிலைக் குறிப்பவை அல்ல, தெருவைக் குறிப்பவை; வாயிலுக்கு அங்கே ‘பார்’ என்று பெயர். காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வு, அந்தக் காலத்து வீடுகளையும் பட்டறைகளையும் ஈர மண்ணிலிருந்து கெடாமல் எடுத்துக் கொடுத்தது. பேராலயத்தின் நடுக்கோபுரம் சரியத் தொடங்கியதால் 1967இல் அடித்தளத்தைத் தோண்டியபோது, ரோமானியப் படைத் தலைமையகத்தின் சுவர்கள் வெளிப்பட்டன. இன்று நிலவறைக்குள் இறங்கி அவற்றைப் பார்க்க முடிகிறது. பெருமையோடு பழியும் இங்கே உண்டு. 1190 மார்ச் மாதத்தில் கும்பலுக்கு அஞ்சி அரச கோட்டையில் தஞ்சம் புகுந்த ஏறத்தாழ 150 யூதர்கள், இன்று கிளிஃபோர்ட் கோபுரம் நிற்கும் மேட்டில் மாண்டனர். பலர் தம் கையாலேயே உயிரை விட்டனர். அந்தப் படிகளில் ஏறுபவர்கள் இதை அறிந்து ஏற வேண்டும்.

கேன்டர்பரி நகரின் மதிலிலும் பாதிக்கு மேல் நிற்கிறது. மேற்கு வாயில் கம்பீரமானது. ஆனால் 1942 ஜூன் மாதக் குண்டுவீச்சு ஊரின் கிழக்குப் பகுதியைச் சாம்பலாக்கிவிட்டது. கூரையில் விழுந்த தீக்குண்டுகளைக் காவலர்கள் உடனுக்குடன் கீழே தள்ளியதால்தான் பேராலயம் பிழைத்தது. அகன்று நிற்கும் புதிய கடைத்தெருக்களுக்கு நடுவே பழைய நகரைத் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. 1988இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை பேராலயம், புனித அகஸ்டின் மடம், புனித மார்ட்டின் ஆலயம் என்ற மூன்று மட்டுமே, முழு நகரமும் அல்ல.

லண்டனிலிருந்து கேன்டர்பரிக்கு விரைவு ரயிலில் ஒரு மணி நேரம். யார்க்குக்கு இரண்டு மணி நேரம். ஒரே நாள் மட்டும் கையில் உள்ளவர் கேன்டர்பரிக்குச் செல்லட்டும். இரவு தங்க முடிந்தவர் யார்க்குக்குச் செல்லட்டும், ஏனெனில் அந்த மதிலையும் நிலவறையையும் அவசரத்தில் பார்க்க முடியாது. கேன்டர்பரிக்குச் செல்பவர்கள் பேராலயத்தோடு திரும்பிவிடாமல், கிழக்கே சிறிது தூரம் நடந்து புனித மார்ட்டின் ஆலயத்தின் சுவரையும் பார்த்து வர வேண்டும். பெர்த்தாவின் காலத்திலேயே பழையனவாகிவிட்ட ரோமானியச் செங்கற்கள் அதில் இன்னும் இருக்கின்றன.